பூட்டிய அறையில் ஒரு பாட்டுக் களஞ்சியம்

விளைந்த நெல்லை விற்பதும், குதிரில் கொட்டி வைப்பதும் உழுதவனுடைய இஷ்டம். அதில் ஊரார் தலையிட இடமில்லை. ஆனால் பாட்டு நெல் அல்ல. பாடியவன் அதைப் பூட்டி வைத்தாலும் எப்படியோ கசிந்து வெளியே வந்துவிடுகிறது. வந்த பாட்டைக் கேட்டவன், கேட்டதை மறக்க முடிவதில்லை. அவனைத் திருடன் என்பதா, ரசிகன் என்பதா? பாடகன் வெளியிடாமல் வைத்த பாட்டு யாருக்குச் சொந்தம்? அவன் கண் மூடிய பிறகு அதை வெளியிடுவது மரியாதையா, துரோகமா?

இவை வெறும் வாதத்துக்காகக் கேட்கும் கேள்விகள் அல்ல. அமெரிக்கப் பாப் இசை உலகில் புகழின் சிகரத்தில் இருந்த பிரின்ஸ் 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி காலமானபோது, இந்தக் கேள்விகளை ஒரு பூட்டிய அறையின் வடிவத்தில் விட்டுச் சென்றார். அந்த அறை நிறைய ஒலிநாடாக்கள். அவற்றில் நூற்றுக்கணக்கான பாட்டுகள். அவற்றை என்ன செய்வதென்று ஒரு வரிகூட அவர் எழுதி வைக்கவில்லை.

ஓயாத உழைப்பாளி

பிரின்ஸ் 1958-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி மின்னசோட்டா மாநிலத்தின் மின்னியாபோலிஸ் நகரில் பிறந்தவர். முழுப் பெயர் பிரின்ஸ் ராஜர்ஸ் நெல்சன். பதின்பருவம் தாண்டுவதற்குள்ளேயே, 1977-இல், வார்னர் பிரதர்ஸ் கம்பெனி அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த முதல் ஆல்பத்தில் கிட்டார், பியானோ, டிரம்ஸ் என்று எல்லா வாத்தியங்களையும் அவரே வாசித்தார், பாடியவரும் அவரே. 1984-இல் வந்த 'பர்ப்பிள் ரெயின்' படமும் ஆல்பமும் அவரை உலகறிந்த நட்சத்திரமாக்கின. அந்த ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 24 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. படத்தின் பாட்டுகளுக்காக 1985-இல் ஆஸ்கார் விருதும் கிடைத்தது.

இந்தப் புகழெல்லாம் வெளியே தெரிந்த பகுதி. தெரியாத பகுதி இதைவிடப் பெரிது. பிரின்ஸுக்குப் பாட்டுக் கட்டுவது தொழில் மட்டும் அல்ல. மூச்சு விடுவதைப் போல. இரவு நெடுநேரம் கச்சேரி செய்துவிட்டு, நேரே ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், விடியும்வரை புதுப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்வது அவருக்குச் சாதாரணம். உயிரோடு இருந்த காலத்தில் அவர் வெளியிட்ட ஆல்பங்கள் 39. அவ்வளவு வெளியிட்டும் மிஞ்சிக் கிடந்தவைதான் பூட்டிய அறையில் சேர்ந்தன.

கிடங்கு பிறந்த கதை

அந்தக் கிடங்கு ஒரே நாளில் உண்டானதல்ல. 1983-ஆம் ஆண்டு சூசன் ராஜர்ஸ் என்ற பெண்மணி ஒலிப்பதிவுக் கருவிகளைப் பராமரிக்கும் நிபுணராக பிரின்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அவருடைய ஒலிப்பதிவுப் பொறியாளராகவும் ஆனார். அவர் சேர்ந்த சமயத்தில் பிரின்ஸின் நாடாக்கள் ஒரே இடத்தில் இல்லை. சில வீட்டில் இருந்தன. சில வெளியூர் ஒலிப்பதிவுக் கூடங்களில் தங்கிவிட்டன. எது எங்கே இருக்கிறதென்று தேடி, ஒவ்வொன்றாக வரவழைத்து, ஒழுங்காக அடுக்கும் வேலையை அந்த அம்மையார் மேற்கொண்டார். தேடும்போது கேட்டால் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். அந்தச் சாதாரணமான வீட்டு ஒழுங்குதான் பின்னால் உலகம் பேசும் களஞ்சியமாயிற்று.

1987-இல் மின்னியாபோலிஸுக்கு அருகே சான்ஹாஸன் என்ற ஊரில் 'பெய்ஸ்லி பார்க்' என்ற தம் இசை மாளிகையை பிரின்ஸ் திறந்தார். அதன் கீழ்த்தளத்தில், வங்கியில் இருப்பதைப் போன்ற கனத்த இரும்புக் கதவுடன் ஒரு பாதுகாப்பு அறை அமைந்தது. சூசன் ராஜர்ஸ் வேலையை விட்டுப் போகும்போதே அந்த அறை ஏறக்குறைய நிறைந்துவிட்டதாம். அதற்குப் பிறகும் பிரின்ஸ் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பாடிக்கொண்டே இருந்தார் என்றால், சேர்ந்த குவியலை ஊகித்துக்கொள்ளலாம். அந்த அம்மையார் பிற்காலத்தில் உளவியல் படித்து டாக்டர் பட்டம் பெற்று, பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற பெர்க்லி இசைக் கல்லூரியில் பேராசிரியை ஆனார்.

கம்பெனிக்கும் கலைஞனுக்கும் தகராறு

இவ்வளவு பாட்டுகள் ஏன் வெளிவரவில்லை? இதற்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது வியாபாரக் கணக்கு. ஒரு பாடகனின் ஆல்பம் வந்தால் அதை விளம்பரப்படுத்தி, விற்று, ஓய்ந்த பிறகே அடுத்ததை வெளியிட வேண்டும் என்பது கம்பெனிகளின் வழக்கம். கடையில் ஒரே ஆசாமியின் சரக்கு இரண்டு கிடந்தால் ஒன்று மற்றொன்றின் விற்பனையைக் கெடுக்கும் என்பது அவர்கள் பயம். பிரின்ஸோ வெள்ளமாய்ப் பெருகிக்கொண்டிருந்தார். 1986-இல் 'டிரீம் ஃபேக்டரி', 'கேமில்', 'கிரிஸ்டல் பால்' என்று மூன்று ஆல்பத் திட்டங்கள் அடுத்தடுத்து உருவாகி, ஒன்றுகூட அந்த உருவில் வெளிவரவில்லை. மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பைக் கம்பெனி ஏற்காமல் இரண்டாகக் குறைக்கச் சொன்னது. அப்படிக் குறைந்து 1987 மார்ச்சில் வந்ததுதான் இன்றும் போற்றப்படும் 'சைன் ஓ த டைம்ஸ்'. வெட்டுண்ட பாட்டுகள் அறைக்குள் போயின.

இந்தத் தகராறு முற்றியது. 1993-இல் தம் பெயரையே துறந்து, வாயால் உச்சரிக்க முடியாத ஒரு சின்னத்தைப் பெயராக வைத்துக்கொண்டார். கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடை ஏறினார். 1996-இல் கம்பெனியின் பிடியிலிருந்து விலகியதும் 36 பாட்டுகள் கொண்ட ஆல்பத்துக்கு 'விடுதலை' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார். 2000-இல்தான் பழைய பெயருக்குத் திரும்பினார்.

இரண்டாவது காரணம் கலைஞனின் மனம். பிடிக்காமல் போன பாட்டுகளும் அந்த அறையில் உண்டு; பிடித்தும் பொருந்தாமல் போனவையும் உண்டு. இந்த இரண்டு காரணங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த விஷயத்தில் நியாயம் பிடிபடாமல் போகிறது. கம்பெனி தடுத்த பாட்டு வேறு. கலைஞனே வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டு வேறு.

கறுப்பு ஆல்பம்

கலைஞனே தடுத்ததற்கு மிகப் பிரசித்தமான சாட்சி 'கறுப்பு ஆல்பம்'. 1987 டிசம்பரில் அது கடைக்கு வர வேண்டும். கறுப்பு உறை, அதன்மேல் பெயரோ படமோ இல்லை. சுமார் 5 லட்சம் பிரதிகள் அச்சாகித் தயாராக இருந்தன. வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எல்லாவற்றையும் அழித்துவிடும்படி பிரின்ஸ் சொல்லிவிட்டார். அந்தப் பாட்டுகளில் கோபமும் இருளும் மிகுந்துவிட்டன என்று அவர் மனம் மாறியதே காரணம். கம்பெனியும் இணங்கியது. அதற்குப் பதிலாக, 1988 மே மாதம் ஒளியும் பக்தியும் நிறைந்த 'லவ்செக்ஸி'யை அவர் வெளியிட்டார்.

ஆனால் 5 லட்சத்தில் சில பிரதிகள் தப்பிவிட்டன. அந்தச் சிலவற்றிலிருந்து நாடாவில் ஏறிய நகல்கள் ஊர் ஊராகப் பரவின. திருட்டுத்தனமாக அச்சிட்ட தட்டுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையாயின. வெளிவராத ஆல்பம், வெளிவந்த பல ஆல்பங்களைவிட அதிகம் பேசப்பட்டது. கடைசியில் 1994 நவம்பரில் கம்பெனியே அதைக் குறைந்த காலத்துக்கு அதிகாரபூர்வமாக வெளியிட நேர்ந்தது. தப்பிப் பிழைத்த பழைய தட்டு ஒன்று கிடைத்தால் இன்றும் அதற்குப் பல ஆயிரம் டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேண்டாம் என்று பாடகன் எறிந்த பொருளைத்தான் ரசிகன் அதிகமாக விரும்புகிறான். கிடைக்காத கனிக்கு ருசி அதிகம் என்பது மட்டும் இதற்குக் காரணமா? அப்படி நினைப்பது ரசிகர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

ரசிகன் எதைத் தேடுகிறான்?

'பர்ப்பிள் ரெயின்' பாட்டின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். உலகம் கேட்ட அந்தப் பதிவுக்கு அடிப்படை, 1983 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மின்னியாபோலிஸில் 'ஃபர்ஸ்ட் அவென்யூ' என்ற அரங்கத்தில் நடந்த கச்சேரி. அன்று பாடியபோது பாட்டு வெளியான பதிவைவிட நீளமாக இருந்தது. பணத்தைப் பற்றிய சரணம் ஒன்றும் அதிகமாக இருந்தது. அது பாட்டின் உருக்கத்தைக் குறைக்கிறது என்று பிரின்ஸ் பிறகு வெட்டிவிட்டார். வெட்டாத அந்தப் பதிவைக் கேட்ட ரசிகனுக்கு ஒரு பாட்டு மட்டுமா கிடைக்கிறது? சிற்பி எந்த இடத்தில் உளியை வைத்தான், எதைச் செதுக்கி எறிந்தான் என்பதே தெரிந்துவிடுகிறது. வெளியான பதிவின் அருமை அதற்குப் பிறகுதான் முழுவதும் புரிகிறது.

ஆகவே நல்ல ரசிகன் தேடுவது புதையல் அல்ல. பாட்டு பிறந்த விதம். அதற்காக அவன் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1980-களில் ஒரு கேசட்டிலிருந்து மற்றொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று நகல் எடுத்தார்கள். ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும், குரல் மங்கும். ஐந்தாவது கைக்கு வரும்போது மழைக்கு நடுவே யாரோ பாடுவதைப் போலக் கேட்கும். அப்படியும் கேட்டார்கள். எந்தப் பாட்டு எந்தத் தேதியில், எந்தக் கூடத்தில் பதிவானது, யார் டிரம்ஸ், யார் பின்பாட்டு என்றெல்லாம் பட்டியல் போட்டார்கள். ஸ்வீடன் தேசத்தில் 'அப்டவுன்' என்ற ரசிகர் பத்திரிகை இதற்காகவே நடந்தது.

இதில் இரண்டு ஜாதி உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு சாரார் நாடாவுக்கு நாடா மாற்றிக்கொள்வார்கள். காசு வாங்குவதை அவமானமாக நினைப்பார்கள். மற்றொரு சாரார் அதே நாடாவைத் தட்டாக அச்சடித்து, பளபளப்பான உறை போட்டு, கள்ளச் சந்தையில் கொள்ளை விலைக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் பாடியவருக்குச் சல்லிக்காசு போகவில்லை. முன்னவர்களைப் பித்தர்கள் எனலாம். பின்னவர்களைத் திருடர்கள் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

ரசிகன் மேலேயே வழக்கு

பிரின்ஸ் இந்த இரு சாராரையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1998-இல் 'கிரிஸ்டல் பால்' என்ற பெயரில், பழைய வெளிவராத பாட்டுகளைத் தாமே திரட்டி, முப்பது பாட்டுகள் கொண்ட மூன்று தட்டுகளாக வெளியிட்டது உண்மை. திருட்டுத் தட்டுகளில் மங்கலாகக் கேட்டதை நல்ல ஒலியில் கேட்க ரசிகர்களுக்கு அது வழி செய்தது. ஆனால் மறு ஆண்டே 'அப்டவுன்' பத்திரிகை மீது வழக்குத் தொடர்ந்தார். 2007-இல் ரசிகர் சங்கங்களுக்கு வக்கீல் நோட்டீஸ்கள் போயின. 2014 ஜனவரியில், தம் கச்சேரிப் பதிவுகளைப் பரப்பினார்கள் என்று 22 பேர் மீது சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் வழக்கு. ஒவ்வொருவரும் 10 லட்சம் டாலர் தர வேண்டும் என்று கோரிக்கை. சில நாட்களிலேயே அந்த வழக்கை அவரே வாபஸ் வாங்கினார்.

சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. தம் உழைப்பு தம் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே வாழ்நாள் முழுவதும் பெரிய கம்பெனியோடு மல்லுக்கு நின்றவர், தெரியாத ஆட்களிடம் அதை விட்டுக்கொடுப்பாரா? ஆனாலும் தம்மை நேசித்தவர்களோடு கோர்ட்டில் நிற்பது எந்தக் கலைஞனுக்கும் மகிழ்ச்சி தரும் காட்சி அல்ல.

பூட்டை உடைத்த பிறகு

57-ஆம் வயதில், ஃபென்டனில் என்ற கடுமையான வலி நிவாரணி மருந்து தவறுதலாக அளவு மீறியதால் பிரின்ஸின் வாழ்க்கை முடிந்தது. உயில் இல்லை. மனைவி இல்லை; குழந்தையும் இல்லை. உடன்பிறந்தாளும், தாய் வழியிலோ தந்தை வழியிலோ மட்டும் உடன்பிறந்த சகோதர சகோதரிகளுமாக ஆறு பேர் வாரிசுகள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அறையின் ரகசிய எண் பிரின்ஸுக்கு மட்டுமே தெரியுமாதலால், சொத்து நிர்வாகிகள் கதவைத் துளை போட்டுத் திறந்ததாகச் செய்தி வந்தது. 2017-இல் நாடாக்கள் லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள ஒரு பாதுகாப்புக் கிடங்குக்கு மாற்றப்பட்டன. அதற்கும் வாரிசுகளில் சிலர் ஆட்சேபம் தெரிவித்தார்கள். சொத்தின் மதிப்பு எவ்வளவு என்று வரி இலாகாவோடு நடந்த இழுபறி, 15 கோடியே 64 லட்சம் டாலர் என்று முடிவாகி, 2022-இல்தான் சொத்து பிரிக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள்! வக்கீல்கள் செழித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையே பாட்டுகள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின. 2018-இல், 1983-ஆம் ஆண்டு பிரின்ஸ் தனியாகப் பியானோ முன் அமர்ந்து பாடிய ஒரு நாடா வந்தது. அதே ஆண்டில் 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பாட்டை அவரே முதன்முதலில் பாடிய பதிவும் வந்தது. 1990-இல் ஐரிஷ் பாடகி ஷினெய்டு ஓ'கானர் பாடி உலகையே அழ வைத்த பாட்டு அது. அதை எழுதியவரின் குரலில் 1984-இல் பதிவான மூலம் 34 ஆண்டுகள் இருட்டில் கிடந்தது. 2020-இல் 'சைன் ஓ த டைம்ஸ்' பெருந்தொகுப்பில் அதுவரை வெளிவராத 45 ஸ்டூடியோ பாட்டுகள் சேர்ந்தன. 2021-இல், 2010-ஆம் ஆண்டு முழுமையாகத் தயாரித்துவிட்டுப் போட்டு வைத்த 'வெல்கம் டு அமெரிக்கா' ஆல்பமும் வந்தது.

பழைய நாடாக்களைக் கேட்பது லேசான காரியம் அல்ல. காந்தத் துகளை நாடாவோடு ஒட்டி வைக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. அப்படியே ஓட்டினால் நாடா உரிந்து, பாட்டு தூளாகிவிடும். அதனால் இளஞ்சூட்டு அடுப்பில் மணிக்கணக்கில் உலர வைத்து, அந்தச் சில நாட்களுக்குள் நகல் எடுத்துவிட வேண்டும். பூட்டி வைத்தால் பத்திரம் என்பது பொய். காலம் பூட்டுக்குள்ளும் புகுந்துவிடும். 2008 ஜூன் மாதம் ஹாலிவுட்டில் யூனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீயில் எத்தனையோ பாடகர்களின் மூல நாடாக்கள் சாம்பலான கதை, 2019-இல்தான் உலகுக்கு விரிவாகத் தெரிந்தது.

மற்றவர்கள் காட்டிய வழிகள்

இந்தச் சிக்கல் பிரின்ஸோடு தோன்றியதும் அல்ல. 1967-இல் பாப் டிலன் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீட்டு நிலவறையில் நண்பர்களோடு சேர்ந்து பாடிய பாட்டுகள், 1969-இல் 'கிரேட் ஒயிட் ஒண்டர்' என்ற திருட்டுத் தட்டாக லாஸ் ஏஞ்சலீஸில் விற்பனையாயின. பாட்டு எழுதியவருக்கு அன்றும் உரிமை இருந்தது. ஆனால் ஒலிப்பதிவுக்கென்று அமெரிக்காவில் தேசிய அளவில் காப்புரிமை வந்தது 1972 பிப்ரவரியில்தான். 1975-இல் கம்பெனியே அந்தப் பாட்டுகளில் சிலவற்றை வெளியிட்டது. 2014-இல் ஆறு தட்டுகளில் முழுவதும் வந்தது. 1991 முதல் தம் வெளிவராத பதிவுகளை வரிசையாக வெளியிட டிலன் அனுமதித்தார். அந்த வரிசைக்குத் திருட்டுத் தட்டு என்றே பெயர் வைத்தது நல்ல நகைச்சுவை.

'கிரேட்ஃபுல் டெட்' குழுவினர் வேறு வழி கண்டார்கள். 1984-இல், கச்சேரியைப் பதிவு செய்ய விரும்பும் ரசிகர்களுக்கு அரங்கத்தில் தனி இடமே ஒதுக்கினார்கள். பதிவு செய்யலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அதனால் குழு ஏழையாகிவிடவில்லை. அவர்களுடைய 1977-ஆம் ஆண்டுக் கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி, அமெரிக்க அரசு நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலேயே இடம் பெற்றது.

'பீச் பாய்ஸ்' குழுவின் பிரையன் வில்சன் 1967-இல் 'ஸ்மைல்' என்ற ஆல்பத்தை மனமுடைந்து பாதியில் கைவிட்டார். சிதறிய துண்டுகளை ரசிகர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றி வந்தார்கள். 2004 பிப்ரவரியில் லண்டனில் அவரே அதை முழுமையாக அரங்கேற்றினார். கைவிட்டவர் கையிலேயே திரும்ப ஒப்படைத்த கதை இது. அவர் 2025-இல் காலமானார். நிறைவேறாத ஏக்கம் என்று அதைச் சுமந்து போக வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. ஆங்கிலப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2011-இல், 27-ஆம் வயதில் மறைந்தார். அவர் பாடி வைத்திருந்த மாதிரிப் பதிவுகளை அழித்துவிட்டதாக 2015-இல் பிரிட்டனின் யூனிவர்சல் கம்பெனித் தலைவர் டேவிட் ஜோசஃப் அறிவித்தார். ஒரு குரல் துண்டை எடுத்து, யாரோ புது இசை சேர்த்து, செத்தவரைப் பாட வைக்கும் காரியம் நடக்கவே கூடாது என்பது அவர் எண்ணம். நோக்கம் உயர்ந்தது. ஆனால் எரித்துவிட்டால் பிறகு திருத்திக்கொள்ள வழியில்லையே! எழுத்தாளர் காஃப்கா தம் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடச் சொல்லிவிட்டு 1924-இல் இறந்தார். நண்பர் மாக்ஸ் பிராட் அந்தச் சொல்லைக் காப்பாற்றியிருந்தால், 1925-இல் வந்த 'விசாரணை' நாவல் உலகத்துக்குக் கிடைத்திருக்காது. வாக்குத் தவறிய அந்த நண்பனை உலகம் மன்னித்ததோடு நில்லாமல் வாழ்த்தவும் செய்கிறது.

எது நியாயம்?

இத்தனையும் பார்த்த பிறகு சில விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது: உயிரோடு இருக்கும் கலைஞன் வேண்டாம் என்றால், வேண்டாம் என்பதே முடிவு. ரசிகனின் ஆசை எவ்வளவு பெரிதானாலும் அது கலைஞனின் உரிமைக்கு மேல் ஆகாது. எது தன் பெயரில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் கலையில் ஒரு பகுதிதான்.

இரண்டாவது: கலைஞன் ஒன்றும் சொல்லாமல் மறைந்தால், அந்த மௌனத்தை அனுமதி என்றும் கொள்ளக் கூடாது; தடை என்றும் கொள்ளக் கூடாது. பிரின்ஸைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தப் பாட்டுகளை யாராவது ஒரு நாள் வெளியிடுவார்கள், தம்மால் முடியுமோ என்னவோ என்ற கருத்தில் 2012-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் பேசினார். எரிக்க நினைத்தவன் நாடாக்களை வங்கிக் கதவு போட்டுக் காப்பாற்ற மாட்டான். ஆகவே வெளியிடுவது துரோகம் ஆகாது. ஆனால் வாரிசுகள் அந்தச் சொத்துக்கு எஜமானர்கள் அல்ல, தர்மகர்த்தாக்கள் என்ற நினைப்பு வேண்டும். சட்டம் அவர்களுக்கு 2086-ஆம் ஆண்டு முடியும்வரை உரிமை கொடுக்கிறது. அவ்வளவு காலம் நாடா தாங்காது.

மூன்றாவது: உள்ளது உள்ளபடியே வர வேண்டும். பாதியில் நின்ற பாட்டு பாதியாகவே வரட்டும். இன்று இறந்தவர் குரலை யந்திரமே உண்டாக்கிவிடும் காலம் வந்துவிட்டது. ஆதலால் இந்தக் கட்டுப்பாடு முன்னைவிட அவசியம். எது அவர் முடித்தது, எது அவர் ஒதுக்கியது, எது வெறும் ஒத்திகை என்பதை உறையிலேயே தேதியோடு அச்சிட வேண்டும். வாங்குகிறவனை ஏமாற்றுவதைவிட, பாடியவன் பெயரைக் கெடுப்பது பெரிய பாவம்.

நான்காவது: விலை கொடுத்து வாங்க முடிந்தவனுக்கு மட்டுமே இந்தச் செல்வம் என்று ஆகிவிடக் கூடாது. டிலனின் காகிதங்களும் பதிவுகளும் 2016-இல் ஓர் அறநிலையத்தால் வாங்கப்பட்டு, 2022 மே மாதம் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்ஸா நகரில் பொதுமக்களுக்கென்று ஒரு நிலையமே திறக்கப்பட்டது. பிரின்ஸின் நாடாக்களும் ஒரு நாள் அப்படிப்பட்ட இடத்தில், இசை பயிலும் ஏழைப் பையனும் காதில் மாட்டிக் கேட்கும்படி இருந்தால், அதுதான் அந்தக் களஞ்சியத்துக்குத் தகுந்த கதவு.

ஐந்தாவது, ரசிகர்களுக்கு. கசிந்து வந்ததைக் கேட்டுவிட்டதற்காக யாரும் தலை குனிய வேண்டாம். ஆனால் திருடி விற்பவனிடம் ஒரு தட்டு வாங்கினாலும் அது அன்பு அல்ல. அன்பின் வேலை வேறு. பத்திரப்படுத்துவது, பட்டியல் போடுவது, தேதி தேடுவது. இந்த வேலை வீண் போவதில்லை. பிரின்ஸின் 1983, 1984 ஆண்டுப் பதிவுகளை நாள்வாரியாக ஆராய்ந்து 2017-இல் நூல் எழுதிய டுவேன் டுடால் ஒரு ரசிகர்தான். பின்னால் பிரின்ஸின் சொத்து நிர்வாகத்துக்கே அவர் ஆராய்ச்சியாளர் ஆனார். கதவுக்கு வெளியே காத்துக் கிடந்த பித்தனைத்தான், கதவைத் திறந்த பிறகு, எது என்ன என்று சொல்ல உள்ளே கூப்பிட வேண்டியிருந்தது!

உயில் எழுதுங்கள்

கடைசியாக, கலைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் எதை வைத்திருக்கிறோம், தமக்குப் பிறகு அதை யார் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட அரை நாள் போதும். உலகத்தின் எல்லா வாத்தியங்களையும் வாசிக்கத் தெரிந்த பிரின்ஸ், இந்த ஒரு காகிதத்தை எழுதாமல் போனதால் ஆறு ஆண்டுகள் கோர்ட்டில் கரைந்தன. எழுதாத உயிலுக்கு வக்கீல்கள் அர்த்தம் சொல்வார்கள். எழுதி வைத்த உயிலுக்கு ரசிகர்களும் கட்டுப்படுவார்கள். வாரிசுகளும் கட்டுப்பட்டே ஆக வேண்டும். தம் பாட்டை யாரும் தம் விருப்பம் இல்லாமல் தொடக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் போராடுகிறவர்கள், அந்த விருப்பம் என்ன என்பதையும் சொல்லிவிட்டுப் போவதே முறை.